ஆள்வோர் இல்லாத உடல்

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், கர்நாடக எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கும் ஓசூரைச் சுற்றி, அமுதகொண்டப்பள்ளி, பாகலூர், பேரிகை, தளி ஆகிய ஊர்ப்புறங்களின் பசுமைக்குடில்களில் வளரும் கொய்மலர் ரோஜாவுக்கு, ஆண்டின் எல்லா நாள்களிலும் பெரிய நாள் பிப்ரவரி 14. அந்த நாளுக்கு முந்தைய வாரங்களில் பூ உள்ளூர்ச் சந்தைக்கும் ஏற்றுமதிக்கும் வந்துசேர வேண்டும் என்பதால், டிசம்பரிலேயே நாள் குறித்துக் கவாத்து செய்யப்படுகிறது; நுனி வெட்டப்பட்ட தண்டின் கீழ்க்கண்கள் விழித்துத் தளிர்த்து, நீண்டு, முனையில் மொட்டுத் திரண்டு அறுவடைக்கு வர ஆறேழு வாரம் ஆகும் என்பது சாகுபடியாளர்களின் கணக்கு. கைக்கடிகாரத் தொழிற்சாலைக்குப் பேர்போன ஊரில் செடியும் நாள் தவறாமல் நடப்பதில் வியப்பில்லை என்று வேடிக்கையாகச் சொல்லிக் கடந்துவிடலாம். ஆயினும், ஒரு செடி எப்போது பூக்க வேண்டும் என்பதைச் செடியல்லாத ஒருவர் கத்தரிக்கோலைக் கொண்டு முடிவுசெய்ய இயலுமாயின், அவர் கை படாத காலத்தில் அம்முடிவைச் செடிக்குள் எடுப்பது யார் என்னும் கேள்வி தாவரவியலோடு நின்றுவிடுவதில்லை. உயிர் எது, அறிவு எங்கே தொடங்குகிறது, ஓருடலில் எத்தனை உயிர் என்றெல்லாம் இந்தியச் சமயங்கள் தம்முள் நெடுங்காலம் வாதிட்டுவந்த பொருளின் ஒரு முகமே அது.

தாவரவியல் தரும் விடை ஹார்மோன் என்பது. விலங்குடலில் இச்சொல், ஒரு சுரப்பியில் உண்டாகிக் குருதியோடு சென்று தொலைவிலுள்ள உறுப்பை இயக்கும் வேதிப்பொருளைக் குறிக்கும். செடிக்குச் சுரப்பியும் இல்லை, குருதியும் இல்லை. ஆக்சின், ஜிப்ரெலின், சைட்டோகைனின், அப்சிசிக் அமிலம், எத்திலீன் என்று பாடநூல்கள் எண்ணிவந்த ஐந்தும், பிற்காலத்தில் அவற்றோடு சேர்ந்த பிராசினோஸ்டீராய்டு, ஜாஸ்மோனேட், ஸ்ட்ரிகோலாக்டோன் முதலியனவும், செடியின் பல்வேறு திசுக்களில் மிக நுண்ணிய அளவில் உண்டாகி, உண்டான இடத்திலேயோ வேறிடத்துக்குச் சென்றோ வேலை செய்பவை. இவற்றைத் தேடும் வழியைத் திறந்தவர்களுள் முதன்மையானவர் சார்லஸ் டார்வின். தம் மகன் பிரான்சிஸுடன் சேர்ந்து 1880இல் வெளியிட்ட நூலில், புல்லினத்து முளைக்குருத்தின் நுனியை ஒளி படாமல் மூடிவிட்டால் குருத்து ஒளியை நோக்கி வளைவதில்லை என்றும், ஒளியை உணரும் இடம் நுனி, வளையும் இடம் அதற்குக் கீழே என்றும் அவர் காட்டினார். உணர்ந்த இடத்திலிருந்து செயல்படும் இடத்துக்கு ஏதோ ஒன்று இறங்கி வருகிறது என்பது அதன் பொருள். அந்த ஏதோ ஒன்றை, 1926ஆம் ஆண்டளவில் நெதர்லாந்தின் பிரிட்ஸ் வென்ட், வெட்டிய நுனிகளை அகர்க்கட்டியின்மேல் வைத்து அக்கட்டிக்குள் இறங்கவிட்டுப் பிரித்தெடுத்தார், அதுவே ஆக்சின்.

ரோஜாத் தண்டின் நுனியில் உண்டாகும் ஆக்சின் கீழ்நோக்கி வழிந்துகொண்டிருக்கும் வரை, இலைக்கக்கங்களில் உள்ள கண்கள் உறங்கியே கிடக்கும். நுனி போனால் அந்த வழிவு குறைந்து, வேரிலும் தண்டிலும் உண்டாகும் சைட்டோகைனின் கண்களை எழுப்ப, நுனிக்குச் சேர்ந்துகொண்டிருந்த சர்க்கரையும் அவற்றுக்குத் திரும்புகிறது. நுனியாதிக்கம் என்று தாவரவியலார் பெயரிட்ட இதையே, பசுமைக்குடில்களில் மெலிந்த தண்டுகளை வெட்டாமல் பக்கவாட்டில் வளைத்துவிட்டு, செடியின் அடியிலிருந்து பருத்த தண்டுகளை எழச் செய்யும் முறையும் பயன்படுத்திக்கொள்கிறது. இந்த அளவில் ஹார்மோனை ஆணை என்றும் நுனியை ஆள்வோன் என்றும் கொள்ளத் தோன்றும். ஆனால் தண்டை நீட்டும் ஆக்சினே, அதே அளவில் வேருக்குக் கிடைத்தால் வேரின் நீட்சியைத் தடுக்கிறது; வெட்டிய குச்சியின் அடியில் தேங்கினால் புதுவேரைப் பிறப்பிக்கிறது; காய்க்காம்பில் குறைந்தால் காய் உதிர வழி விடுகிறது. ஒரே பொருள் நான்கு இடங்களில் நான்கு விளைவு தருமாயின், ஆணையின் பொருள் ஆணையில் இல்லை, அதை ஏற்கும் இடத்தில் இருக்கிறது. நுனியும் தானாக ஆள்வதன்று. ஒளி, நீர், சர்க்கரை, தன் வயது, அண்டையிலுள்ள இலைகள் என்று பலவற்றால் அது தானே ஆளப்படுகிறது.

இங்கேதான் பழைய வாதங்கள் துணைக்கு வருகின்றன. தொல்காப்பியத்து மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை படிப்படியாக வகுத்து, புல்லையும் மரத்தையும் முதற்படியில் வைத்து, உற்றறிவு எனப்படும் தொடுவுணர்வு ஒன்றையே அவற்றுக்குரியதாக்குகிறது. சமணரும் தாவரங்களை ஒரேயொரு பொறியுடைய உயிர்களாகவே கொள்வர், அந்தப் பொறியும் மெய்யே. மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் பரத்துவாசர் மரத்துக்கு ஐம்பூதச் சேர்க்கை உண்டா என்று ஐயுற்று வினவ, பிருகு முனிவர், வெப்பத்தில் இலை வாடுவதால் தொடுவுணர்வும், இடியோசையில் பூவும் காயும் உதிர்வதால் கேள்வியும், கொடி வழி கண்டு சுற்றிப் படர்வதால் பார்வையும், புகையாலும் மணத்தாலும் நோய் நீங்குவதால் மோப்பமும், வேரால் நீர் உண்பதால் சுவையும் அதற்கு உண்டு என்று விடை கூறுகிறார். கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதற்கு நேர் எதிரே நின்று, உண்ணுதல், வளர்தல், இனம் பெருக்குதல் ஆகியவற்றுக்குரிய ஆன்மா மட்டுமே தாவரத்துக்கு உண்டு என்றும், தொடுவுணர்வுகூட அதற்கு இல்லை என்றும் கொண்டார்.

இவ்வாதங்களுள் மிகக் கூர்மையானது பௌத்தரும் சமணரும் தம்முள் நிகழ்த்தியது. மரத்தின் பட்டை முழுவதையும் உரித்தால் மரம் இறக்கிறது, ஆகவே அதற்கு அறிவு உண்டு என்னும் சமண வாதத்தை எடுத்துக்கொண்ட பௌத்த தருக்கவாணர் தருமகீர்த்தி, தம் நியாயபிந்துவில் அதை நிலைபெறாத ஏதுவுக்கு, அதாவது எதிர்வாதி ஒப்புக்கொள்ளாத காரணத்துக்கு, எடுத்துக்காட்டாக வைத்தார்: இறப்பு என்பது உணர்வும் பொறிகளும் ஆயுளும் நின்றுபோதல் என்று கொள்ளும் பௌத்தருக்கு, மரம் பட்டுப்போவது இறப்பே ஆகாது. அவரது மறுப்பு சொல் விளையாட்டுப் போலத் தோன்றினாலும் பிடிக்க வேண்டிய இடத்தைப் பிடித்துவிடுகிறது. மரம் வாடுகிறது, வளைகிறது, பட்டுப்போகிறது என்பதில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. அவ்வினைகளுக்குப் பின்னால் ஓர் அறிவோன் இருந்தாக வேண்டுமா என்பதே வழக்கு. பட்டையை முழுதும் உரித்தால் மரம் ஏன் பட்டுப்போகிறது என்பது இன்று தெரியும்: இலையில் உண்டான சர்க்கரையும் நுனியில் உண்டான ஆக்சினும் வேருக்கு இறங்கும் வழிகளுள் முதன்மையானது பட்டையின் உட்புறத் திசு, அது அறுந்தால் வேர் பட்டினியில் மாள்கிறது. அதே உரிப்பை ஒரு கிளையில் மட்டும் மெல்லிய வளையமாகச் செய்தால், மா போன்ற மரங்களில் அக்கிளை பூக்கத் தூண்டப்படுவதும் உண்டு. ஒரு வாதத்தில் சாவுக்குச் சான்றான வெட்டு மற்றோரிடத்தில் பூவுக்குக் காரணமாவதைத் தருமகீர்த்தி அறிந்திருந்தால் தம் பக்கத்துக்கு அதையும் சேர்த்திருப்பார்.

இந்த இடத்தில் ஓர் ஆசையை விலக்க வேண்டும். தொல்காப்பியர் ஆக்சினை அறிந்திருந்தார் என்றோ, பிருகு தாவர உடலியல் கற்பித்தார் என்றோ எழுதுவது அந்நூல்களுக்கும் பெருமை சேர்க்காது, அறிவியலுக்கும் பயன் தராது. எதிர்ப்புறத்திலும் இதே போன்ற ஆசை உண்டு: டார்வின் வேர்நுனியைத் தாழ்ந்த விலங்குகளின் மூளைக்கு ஒப்பிட்டதையும், ஜகதீஷ் சந்திர போஸ் செடிகளின் மின்துலங்கல்களை அளந்ததையும் முன்னோடியாகக் கொண்டு, 2006இல் சில ஆய்வாளர்கள் தாவர நரம்பியல் என்னும் துறையை முன்மொழிய, நரம்பே இல்லாத ஓருடலுக்கு நரம்பியல் எதற்கு என்று மறு ஆண்டே முப்பதுக்கும் மேற்பட்ட தாவரவியலார் கூட்டாக மறுத்தெழுதினர். மறுத்தவர்கள் பக்கமே வலிமை இருக்கிறது. ஆனால் அவர்களது வெற்றி அறிவோன் அங்கே இல்லை என்பதை மட்டுமே நிலைநாட்டுகிறது. அறிவோன் இல்லாமலே இவ்வளவு ஒழுங்கு எப்படி நடக்கிறது என்ற வியப்பு அப்படியே நிற்கிறது.

ஹார்மோன் செல்லுக்குள் என்ன செய்கிறது என்பது தெளிவானபோது அந்த வியப்பு கூடியது. ஆக்சினை ஏற்கும் புரதம் இன்னது என்று 2005இல் கண்டறியப்பட்டது. ஆக்சின் இல்லாத நிலையில், வளர்ச்சிக்குரிய மரபணுக்கள் இயங்காதவாறு தடைப்புரதங்கள் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. ஆக்சின் வந்ததும் அது ஏற்பியையும் தடைப்புரதத்தையும் ஒட்டவைக்க, தடைப்புரதம் அழிவுக்கு அனுப்பப்படுகிறது, மரபணு தானே இயங்கத் தொடங்குகிறது. ஜிப்ரெலின், ஜாஸ்மோனேட், ஸ்ட்ரிகோலாக்டோன் ஆகியவையும் விவரத்தில் வேறுபட்டாலும் இதே போக்கில் தடையை அழித்தே வேலை செய்கின்றன. எத்திலீனின் வழி இன்னும் விந்தையானது: அதன் ஏற்பிகள் எத்திலீன் இல்லாதபோதுதான் சுறுசுறுப்பாக இயங்கித் துலங்கலைத் தடுத்துக்கொண்டிருக்கின்றன, எத்திலீன் வந்து படிந்ததும் அவை ஓய்ந்துவிடுகின்றன. வளர், பூ, பழு என்று இந்த ஹார்மோன்களுள் எதுவும் சொல்வதில்லை. செடி வளரவும் பூக்கவும் பழுக்கவும் ஏற்கெனவே வல்லது; அதைப் பிடித்து நிறுத்தியிருப்பதை அகற்றுவதே வந்து சேரும் பொருளின் தொழில்.

சைவ சித்தாந்தம் பயின்றவருக்கு இந்த அமைப்பு புதிதாகப் படாது. அறிவு உயிரின் இயல்பு, ஆணவ மலம் அதை மறைத்து நிற்கிறது, கலை முதலிய தத்துவங்கள் அம்மறைப்பைச் சிறிதே நெகிழ்த்துகின்றன, திருவருள் உயிருக்குப் புதிதாக ஒன்றைக் கூட்டாமல் மறைப்பை நீக்குகிறது என்பது அந்நெறியின் அடிப்படை. தாவரமும் அந்நெறியில் பிறவி வகை ஏழனுள் ஒன்று; திருவாசகத்துச் சிவபுராணம் பிறவிகளை அடுக்கும்போது புல்லிலிருந்தே தொடங்குகிறது. எனினும் ஒப்புமை அமைப்போடு நிற்க வேண்டும். சித்தாந்தத்தில் மலத்தை நீக்க ஒரு தலைவன் உண்டு, நீங்கிய பின் அறிய ஓர் உயிர் உண்டு. செடியில் தடையை இடுவதும் செடியே, நீக்குவதும் செடியே, இடையே நின்று காண்பவர் எவரும் இல்லை.

அப்படியானால் அங்கே எத்தனை உயிர் என்ற கேள்வியை எழுப்பியவர்கள் சமணர். அவர்கள் தாவரங்களை இருவகைப்படுத்தினர்: ஓருடலுக்கு ஓருயிர் என்று தனியுயிர் உடையவை ஒருவகை, கிழங்குகள் போல, ஒரே உடலை எண்ணற்ற உயிர்கள் பொதுவாகக் கொண்டு, ஒன்றாக உண்டு ஒன்றாக மடிபவை மற்றொரு வகை. சமணர் பலர் இன்றும் கிழங்குணவை விலக்குவதற்கு இதுவே காரணம். அரிஸ்டாட்டிலும் வேறு வழியில் இதே இடத்துக்கு வந்து, வெட்டப்பட்ட செடியின் துண்டுகள் தனித்தனியே வாழ்வதைக் கண்டு, செடியின் ஆன்மா நடப்பில் ஒன்று, ஆற்றலில் பல என்று எழுதினார். ஓசூர் ரோஜாவை முன்னிறுத்திப் பார்த்தால் இவ்விரு கூற்றுகளும் வெறும் ஏட்டுக் கூற்றுகளாகத் தோன்றுவதில்லை. அச்செடிகளில் பெரும்பாலானவை கண் ஒட்டுக் கட்டியவை. நிலத்துக்குள் இருப்பது ஒரு ரோஜா இனத்தின் வேர்ச்செடி, மேலே பூப்பது வேறோர் இரகம். ஒட்டிய கண்ணிலிருந்து இறங்கும் ஆக்சின் வெட்டுவாயில் புதுக்குழாய்த் திசுவை உண்டாக்க, இரண்டு மரபுகள் ஒரே நீரோட்டத்தில் இணைகின்றன. பிறகு தண்டின் நுனி கண்களை அடக்கிவைத்திருக்கும் வரை அது ஒரு செடி. கத்தரி பட்டதும் அடங்கியிருந்த ஒவ்வொரு கண்ணும் தனித்தண்டாக எழும், அவற்றுள் எதையும் வேறொரு வேர்ச்செடியில் கட்டினால் அதுவும் முழுச்செடியாகும். ஒருமை என்பது செடிக்குப் பிறப்பிலேயே வாய்த்த நிலையன்று. ஹார்மோன் ஓட்டம் இடைவிடாது நிகழ்த்திக்கொண்டிருக்கும் ஒரு செயல், ஓட்டம் மாறினால் அதுவும் தளரும். ஓருடலுக்கு ஓருயிர் என்று முன்கூட்டியே முடிவுகட்டிய நெறிகளைவிட, எண்ணிக்கையையே கேள்வியாக்கிய சமணர் இவ்வகையில் செடியைக் கூர்ந்து பார்த்தவர்கள் என்று சொல்ல வேண்டும், அவர்களது உயிர்க்கொள்கையை ஏற்காதவர்களும்கூட.

பசுமைக்குடிலுக்கு வெளியே, மானாவாரிக் கேழ்வரகு விளையும் அதே மேட்டுநிலத்தில், அறிவோன் இல்லாத ஒழுங்குக்கு இன்னொரு சான்று இருக்கிறது. கேழ்வரகோடு ஊடுபயிராக விதைக்கப்படும் நாட்டு அவரை, பகற்பொழுது குறுகும் காலம் வரும் வரை கொடியோடி இலையே விட்டுக்கொண்டிருந்து, அதன் பின்னரே பூத்துக் குளிர்காலத்தில் காய் தரும். இத்தகைய செடிகளில் பொழுதின் நீளத்தை அறிவது இலை; பூப்பதோ நுனி. இலையிலிருந்து நுனிக்குச் செல்லும் பூப்பூக்கி ஒன்று இருக்க வேண்டும் என்று சோவியத் அறிஞர் மிகைல் சைலகியான் 1930களில் முன்வைத்த கருத்து, அது ஒரு சிறு புரதம் என்று 2007இல் உறுதிப்பட எழுபது ஆண்டுகள் ஆயின. மழை பொய்த்து மண் காயும்போது அப்சிசிக் அமிலம் பெருகி இலைத்துளைகளை மூடச் செய்து நீரைக் காப்பதும் இவ்வாறே; காய்வதை ஓரிடம் உணர, மூடுவதை வேறிடங்கள் செய்கின்றன. பார்த்தவனும் முடிவெடுத்தவனும் செய்தவனும் ஒருவனே என்று கொள்ளும் நம் வழக்கத்துக்கு இங்கே இடமில்லை.

அறிவோன் இல்லாத ஓருடலுக்குத் தீங்கு இழைக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. வலி ஒன்றே தீங்கின் அளவுகோலாயின் விடை எளிது, முடியாது. ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்து மாந்தோப்புகளின் நடைமுறை அந்த எளிமையைக் குலைக்கிறது. காவேரிப்பட்டணம், பர்கூர், சந்தூர், போச்சம்பள்ளி வட்டாரங்களில் மாங்கூழ்த் தொழிற்சாலைகளுக்கென்றே பெருமளவில் மா விளைகிறது; மா இரகங்களுள் பல, ஓராண்டு மிகுதியாகக் காய்த்து மறு ஆண்டு ஓய்வெடுக்கும் இயல்புடையவை. மாமரத்தில் ஜிப்ரெலின் மிகுந்திருக்கும் வரை தளிரே வரும், பூ வராது. ஆகவே ஜிப்ரெலின் உண்டாவதைத் தடுக்கும் பாக்ளோபியூட்ராசோல் என்னும் மருந்தை, கல்டார் முதலிய வணிகப் பெயர்களில் வாங்கி மரத்தடி மண்ணில் ஊற்றினால், ஓய்வெடுக்க வேண்டிய ஆண்டிலும் மரம் பூக்கிறது. அளவு மீறினால் கணுவிடை சுருங்கிக் கொத்துக் கொத்தாகத் தளிர் குறுகும், மருந்தும் மண்ணில் நெடுநாள் தங்கும். பட்டாணி அளவுப் பிஞ்சு உதிராமலிருக்க நாப்தலீன் அசிட்டிக் அமிலம் என்ற செயற்கை ஆக்சினைத் தெளிப்பது இதைவிட மென்மையான தலையீடு. முன்னது மரத்தின் ஓய்வைப் பறிப்பது, பின்னது மரம் தொடங்கியதை நிறைவேற்றத் துணைபோவது. இரண்டிலும் மரத்துக்கு வலிக்கவில்லை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடா. வலி இல்லாத இடத்திலும் நலம் என்று ஒன்று உண்டு, தன் போக்கில் வளர்ந்து, காய்த்து, ஓய்ந்து, மீண்டும் தளிர்ப்பது மரத்தின் நலம் என்று கொண்டால்தான் இவ்வேறுபாட்டைச் சொல்லவே வாய் வரும்.

பழுக்கவைப்பதிலும் இவ்வேறுபாடு உண்டு. மாங்காய் பழுக்கையில் தானே எத்திலீன் வாயுவை வெளியிட்டு, அந்த எத்திலீனாலேயே மேலும் எத்திலீனை உண்டாக்கிக்கொள்கிறது. வைக்கோலுக்குள் மூட்டம் போட்டுப் பழுக்கவைக்கும் பழைய முறை இவ்வாயுவைச் சிதறாமல் காப்பதே. கார்பைட் கல் வைக்கும்போது எழுவது அசிட்டிலீன், எத்திலீன் போல நடித்து ஏற்பியில் படியும் வேற்றுப்பொருள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகள் கல் வைப்பதைத் தடைசெய்து, பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை எத்திலீன் வாயுவைப் பயன்படுத்த இசைவு தந்திருக்கின்றன. தடைக்குக் காரணம் கல்லில் கலந்திருக்கும் ஆர்செனிக், பாஸ்பரஸ் மாசுகளால் உண்பவருக்கு வரும் கேடு. காயிடம் பொய் சொன்னது ஒரு குற்றமா என்று சட்டம் கேட்பதில்லை, கேட்க வேண்டியதும் இல்லை.

சமய ஒழுக்கம் அதைக் கேட்டிருக்கிறது, வேறு சொற்களில். சைவப் பூசை விதிகள் கூறும் நூல்கள், இறைவனுக்குச் சாத்தத் தகாத பூக்களுள், உதிர்ந்த பூ, பழம்பூ ஆகியவற்றோடு, எடுத்துவைத்த பின் அலர்ந்த பூவையும் சேர்க்கின்றன. அலர்வது செடியின் வினை, கொய்வது மனிதனின் வினை, முதலாவது முடிந்த பிறகே இரண்டாவதற்கு உரிமை என்று இவ்விதியைப் பொருள்கொள்ள இடமிருக்கிறது. ஓசூர் வட்டாரத்து உதிரி ரோஜா விடியலில் மலர்ந்த நிலையில் பறிக்கப்பட்டுக் கோயில் வாசல் கடைகளுக்குப் போகும்போது இவ்விதிக்கு உட்படுகிறது. பசுமைக்குடிலின் கொய்மலரோ இறுகிய மொட்டாகவே வெட்டப்பட்டு, குளிரறையில் இரண்டு முதல் நான்கு பாகை வெப்பநிலையில் அலர்வது ஒத்திப்போடப்பட்டு, எத்திலீனைச் செடி உணராதபடி தடுக்கும் வெள்ளி உப்புக் கரைசல் போன்றவற்றின் காப்போடு கடல் கடந்து சென்று, யாரோ ஒருவர் வீட்டுக் குவளை நீரில் அலரும். எடுத்துவைத்து அலர்ந்த பூ என்பதற்கு அதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை. வெட்டிய பின்னும் அலர்கிறது என்பதாலேயே அத்தண்டில் ஹார்மோன் ஓட்டம் நிற்கவில்லை என்றும் ஆகிறது. அதன் அடியைத் தகுந்த ஈரமண்ணில் ஊன்றினால், இறங்கித் தேங்கும் ஆக்சினால் அது வேர்விடவும் கூடும். ஆகவே, பூசைக்கு ஆகாது என்று சைவ விதி ஒதுக்கும் அதே மலரை, இன்னும் உயிர் நீங்காதது என்ற வேறொரு காரணம் பற்றிச் சமணத் துறவியும் கையால் தொடமாட்டார்.